கிளஸ்டர் நோடுகளின் மேக் முகவரி ஏன் வருவதில்லை, வந்தாலும் ஏன் தவறாக வருகிறது?

வணக்கம். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காக 24 பழைய சர்வர்களை வாங்கி, அவற்றை ஒரே கணினிபோல் சேர்த்து இயக்கும் கிளஸ்டர் அமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தலைமை நோடிலிருந்து (நோடு என்பது கிளஸ்டரிலுள்ள ஒரு சர்வர்) முகவரி சேகரிக்கும் கட்டளையை ஓட்டினால், அது எல்லா நோடுகளையும் நெட்வொர்க் வழியாகத் தொடங்கச் செய்து, ஒவ்வொன்றின் மேக் முகவரியையும், அதாவது நெட்வொர்க் அட்டையின் வன்பொருள் அடையாள எண்ணையும், பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆனால் ஆறு நோடுகளின் முகவரி வருவதில்லை. மறுபடி ஓட்டினால் அந்த ஆறில் சில வந்துவிடுகின்றன, முன்பு வந்த சில காணாமல் போகின்றன. வேறு மூன்று நோடுகளுக்கு முகவரி வருகிறது, ஆனால் அது சர்வரின் உறையில் ஒட்டிய சீட்டோடு பொருந்தவில்லை. மென்பொருளில் பிழையா, வாங்கிய சர்வர்களில் பழுதா என்று கேட்கிறீர்கள்.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முகவரி வராமல் போவதற்கும் தவறாக வருவதற்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறுவேறானவை. இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்க முயன்றால் நாள் கணக்கில் அலைய நேரும். கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் சர்வர் அறைகளில் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்துவந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இத்தகைய கோளாறுகளில் கிளஸ்டர் மென்பொருள் குற்றவாளியாக இருப்பது மிக அரிது. அது பட்டியல் எழுதும் கணக்குப்பிள்ளை மட்டுமே. தன்னிடம் வந்து சேராததை அதனால் எழுத முடியாது.

இந்தச் சேகரிப்பில் தலைமை நோடு யாரிடமும் போய் முகவரி கேட்பதில்லை. கேட்பதற்கு நோடுக்கு இன்னும் ஐபி முகவரியே கிடையாது. நோடுதான் முதலில் பேச வேண்டும். மின்சாரம் வந்ததும் நெட்வொர்க் அட்டையிலிருந்து சர்வரை நெட்வொர்க் வழியாகத் தொடங்கவைக்கும் பிஎக்ஸ்இ நிரல் விழித்து, ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி டிஸ்கவர் என்னும் பொட்டலத்தை எல்லோருக்குமாக அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்திலேயே அட்டையின் மேக் முகவரி இருக்கிறது. தலைமை நோடில் ஓடும் டிஎச்சிபி சர்வர் ஆஃபர் அனுப்ப, நோடு ரெக்வெஸ்ட் அனுப்ப, சர்வர் ஆக் அனுப்பி முடிக்க, நான்கு படிகளில் உரையாடல் நிறைவேறுகிறது. 1997இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2131 என்னும் இணையத் தரநிலை ஆவணம் இந்த நடைமுறையை வரையறுக்கிறது. சர்வர் யூடிபி 67ஆம் போர்ட்டிலும் நோடு 68ஆம் போர்ட்டிலும் பேசுகின்றன. ஆகவே நீங்கள் முதலில் கண்டறிய வேண்டியது ஒன்றுதான்: வராத ஒரு நோடின் உரையாடல் இந்த நான்கு படிகளில் எதில் அறுகிறது?

அதற்குக் கட்டளைகளை மீண்டும் மீண்டும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, தலைமை நோடின் உள் நெட்வொர்க் இடைமுகத்தில், பொட்டலங்களைப் பதிவுசெய்து காட்டும் டிசிபிடம்ப்பை 67, 68 ஆகிய போர்ட்டுகளுக்கு மட்டும் ஓடவிட்டு, ஒரே ஒரு நோடை மட்டும் தொடங்குங்கள். அனுப்புநரின் மேக் முகவரியும் தெரியும்படி அதற்குரிய விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நோடின் திரையை, சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் தனிச் சில்லான பிஎம்சியின் கன்சோல் வழியாகவோ நேரடியாக மானிட்டரை இணைத்தோ பார்த்துக்கொண்டே இருங்கள். திரையில் பிஎக்ஸ்இ நிரல் தன் மேக் முகவரியைக் காட்டிப் புள்ளிகளை ஓட்டத் தொடங்கும் அதே நொடிகளில் தலைமை நோடில் என்ன தெரிகிறது என்பதே விடை. எதுவுமே தெரியாவிட்டால் பொட்டலம் வழியிலேயே தொலைந்திருக்கிறது. கேபிள், சுவிட்ச், விலான் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்கவர் வந்தும் ஆஃபர் போகவில்லை என்றால் டிஎச்சிபி சர்வரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஆஃபர் போயும் ரெக்வெஸ்ட் வரவில்லை என்றால் திரும்பும் பாதையில் சிக்கல். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். லினக்ஸில் ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வர் ரா சாக்கெட் வழியாக, அதாவது ஃபயர்வாலுக்கு முன்பே நேரடியாக, பொட்டலங்களை எடுத்துக்கொள்வதால், முகவரி கேட்கும் கட்டத்தில் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகள் அதைத் தடுப்பதில்லை. ஃபயர்வால் தடுப்பது அடுத்த கட்டத்தில் 69ஆம் போர்ட்டில் நடக்கும் டிஎஃப்டிபி கோப்பு இறக்கத்தைத்தான். ஃபயர்வாலை மறுபடி இயக்கி, அந்தப் போர்ட்டுக்கு மட்டும் வழிவிடுங்கள்.

உங்கள் விவரிப்பில் எனக்கு மிகவும் பயன்பட்டது, வராத நோடுகளின் பட்டியல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்ற ஒரு வரி. பழுதான கேபிளோ தவறான விலானோ இப்படி ஆள் மாற்றி ஆள் பிடிக்காது. ஒரே நோடை ஒவ்வொரு முறையும் பிடிக்கும். பட்டியல் மாறுகிறது என்றால் நேரம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பொருள். நேரம் என்றதும் நான் முதலில் சந்தேகிப்பது சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீயை, அதாவது நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் முறையை.

கணக்கு இதோ. பழைய 802.1டி முறையில், ஒரு போர்ட்டில் இணைப்பு எழுந்ததும் சுவிட்ச் அதை உடனே திறந்துவிடுவதில்லை. கேட்கும் நிலையில் 15 விநாடி, கற்கும் நிலையில் 15 விநாடி, ஆக 30 விநாடிக்கு நோடு அனுப்பும் எந்தப் பொட்டலத்தையும் கடத்தாது. இன்டெல் 1999இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விவரக்குறிப்பின்படி, தொடக்க நிரல் டிஸ்கவரை நான்கு முறை அனுப்புகிறது. ஒவ்வொரு முறைக்கும் பிறகு காத்திருக்கும் நேரம் 4, 8, 16, 32 விநாடிகள். அதாவது தொடக்கத்திலிருந்து எண்ணினால் 0, 4, 12, 28ஆம் விநாடிகளில் பொட்டலம் கிளம்புகிறது. கடைசிப் பொட்டலம் 28ஆம் விநாடி. போர்ட் திறப்பதோ 30ஆம் விநாடி. இணைப்பு எழுந்தபின் சில விநாடி தாமதித்து அனுப்பத் தொடங்கும் நோடு தப்பித்துவிடுகிறது. உடனே அனுப்பத் தொடங்கும் நோடு நான்கையும் வீணாக்கிவிட்டு, அடுத்த 32 விநாடி சும்மா காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. வரம்பின் விளிம்பில் இப்படித் தொங்கிக்கொண்டிருப்பதால்தான் ஒரு முறை வந்த நோடு மறுமுறை வருவதில்லை. காத்திருப்பு நேரம் சற்று முன்பின்னாக விடப்படுவதும் இந்தத் தடுமாற்றத்தைக் கூட்டுகிறது.

சுவிட்சில் ரேபிட் ஸ்பானிங் ட்ரீ இருக்கிறது, அதனால் இந்தத் தாமதம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேகம் மறுமுனையும் அதே மொழியில் பதில் சொன்னால்தான் கிடைக்கும். மறுமுனையில் சுவிட்ச் இல்லாமல் சர்வர் இருக்கும்போது பதில் வராததால், எட்ஜ் போர்ட் (சர்வர் போன்ற கடைமுனை மட்டும் இணையும் போர்ட்) என்று அறிவிக்கப்படாத இடத்தில் அதுவும் பல சுவிட்சுகளில் அதே 30 விநாடியை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. சர்வர் அணைந்திருக்கும்போதும் காத்திருப்பு மின்சாரத்தில் அட்டை குறைந்த வேகத்தில் இணைப்பை வைத்திருக்கலாம். சுவிட்சில் பச்சை விளக்கைப் பார்த்து, போர்ட் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது என்று நாம் எண்ணுவோம். சர்வர் எழும்போது அட்டை 1 ஜிகாபிட்டுக்கு மாறுவதற்காக இணைப்பை ஒரு கணம் அறுத்து மீண்டும் எழுப்பும். சுவிட்சின் 30 விநாடிக் கடிகாரம் அப்போது புதிதாகத் தொடங்கும். விளக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதைச் சோதிக்கச் சுவிட்சின் நிர்வாகக் கடவுச்சொல்கூடத் தேவையில்லை. நிர்வகிக்க முடியாத சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை, கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ உங்கள் ஊர்க் கணினிக் கடையிலோ கிடைக்கும் மலிவான வகையே போதும், வராத நோடுக்கும் பெரிய சுவிட்சுக்கும் நடுவே பொருத்துங்கள். பெரிய சுவிட்சின் போர்ட்டோடு சிறிய சுவிட்ச் இணைப்பைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கும். நோடு எழுந்தாலும் விழுந்தாலும் அந்தப் போர்ட்டுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு நோடைத் தொடங்குங்கள். முகவரி உடனே வந்தால் ஸ்பானிங் ட்ரீதான் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஏறத்தாழ என்று நான் நிறுத்திக்கொள்வதற்குக் காரணம், வேகப் பேச்சுவார்த்தையில் அட்டைக்கும் பெரிய சுவிட்சுக்கும் ஒத்துப்போகாத சிக்கல் இருந்தாலும் நடுவில் வந்த சிறிய சுவிட்ச் அதையும் சேர்த்தே மறைத்துவிடும். நிரந்தரத் தீர்வு, நோடுகள் இருக்கும் போர்ட்டுகளை மட்டும் எட்ஜ் போர்ட்டாக அறிவிப்பது. சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். வேறு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டுகளில் இதைச் செய்துவிடாதீர்கள், அங்கே வளையம் உருவானால் நெட்வொர்க் முழுவதும் முடங்கும்.

சில நோடுகள் மட்டும் மாறாமல் ஒவ்வொரு முறையும் தவறுகின்றன என்று கூர்ந்து பார்த்தபின் தெரியவந்தால், சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். முன்பு அந்தச் சுவிட்சைப் பயன்படுத்தியவர்கள் இரண்டிரண்டு போர்ட்டுகளை ஒரே குழுவாக இணைத்து வைத்திருந்த அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிக் குழு அமைக்க இரு முனைகளும் பேசிக்கொள்ளும் நெறிமுறை எல்ஏசிபி. தொடக்க நிரலுக்கு அதைப் பேசத் தெரியாது. எல்ஏசிபியை எதிர்பார்க்கும் போர்ட், மறுமுனை பேசாததால் தன்னை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அப்போது டிசிபிடம்ப்பில் எதுவும் தெரியாது. எல்ஏசிபி இல்லாத நிலையான குழுவில் நடப்பது இன்னும் வினோதமானது: டிஸ்கவர் ஒழுங்காக வரும், ஆஃபரும் போகும், ஆனால் சுவிட்ச் முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு அந்த ஆஃபரைக் குழுவின் எந்தக் கேபிளில் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. கணக்கு முதல் கேபிளைச் சொன்ன நோடுகளுக்கு ஆஃபர் கிடைக்கும். இரண்டாவதைச் சொன்ன நோடுகளுக்கு, இன்னும் விழிக்காத அட்டையில் போய் முட்டி மறையும். இது ஒவ்வொரு முறையும் அதே நோடுகளுக்குத்தான் நடக்கும். சேகரிப்பு முடியும்வரை குழுக்களைக் கலைத்துவிடுவதே எளிது. கலைக்க முடியாத நிலையில் சிஸ்கோ நெக்ஸஸ் சுவிட்சுகளில் தனிப்போர்ட்டை நிறுத்தாதே என்னும் அமைப்பும், அரிஸ்டாவில் எல்ஏசிபி ஃபால்பேக்கும், ஜூனிப்பரில் ஃபோர்ஸ்-அப்பும் இதற்கென்றே இருக்கின்றன.

டிஸ்கவர் வந்தும் ஆஃபர் போகாத நிலை உங்களிடம் இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். தற்காலிக முகவரிகளின் வரம்பை 24 நோடுகளுக்கு 30 என்று ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வர், மேக் முகவரியைக் காட்டிலும், நோடு தானே அனுப்பும் கிளையன்ட் அடையாளத்துக்கு முதன்மை தருகிறது. தொடக்க நிரல் ஓர் அடையாளத்தையும், அதன்பின் ஏறும் லினக்ஸ் கெர்னல் வேறோர் அடையாளத்தையும் அனுப்பினால், ஒரே அட்டை இரண்டு ஐபி முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். பிஎம்சியும் அதே நெட்வொர்க்கில் கைநீட்டினால் நோடு ஒன்றுக்கு மூன்று. 30 எப்படிப் போதும்? வரம்பை நூறுக்குக் குறையாமல் வைத்து, முகவரியை ஒதுக்கி வைக்கும் லீஸ் காலத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்குங்கள். சர்வரின் பதிவில் காலி லீஸ் இல்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடினால் இது நடந்ததா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். கூடவே, வளாகத்தின் பொது டிஎச்சிபி சர்வர் எதுவும் இந்த நெட்வொர்க்குக்குள் பதில் சொல்கிறதா என்பதையும் அதே டிசிபிடம்ப் காட்டும்.

இனி, தவறான முகவரி வந்த மூன்று நோடுகள். இங்கே எனக்குத் திட்டவட்டமான விடை இல்லை, ஏனெனில் வந்த முகவரிகளை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனால் சாத்தியங்கள் சிலவே. என் அனுபவத்தில் முதலிடம் பிஎம்சிக்கு. பல சர்வர்களில் பிஎம்சி தனக்கென்று தனிப் போர்ட் இல்லாமல், அல்லது இருந்தும் அமைப்பில் அப்படித் தேர்ந்தெடுக்கப்படாமல், முதல் நெட்வொர்க் போர்ட்டையே பகிர்ந்துகொள்கிறது. அப்போது ஒரே கேபிளில், ஒரே சுவிட்ச் போர்ட்டில் இரண்டு மேக் முகவரிகள் தெரியும். சுவிட்ச் போர்ட்டை வைத்து நோடை அடையாளம் காணும் மென்பொருள், முந்திக்கொண்டு பேசிய பிஎம்சியின் முகவரியை நோடின் முகவரியாக எழுதிவிடும். பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூலில் லேன் பிரின்ட் கட்டளை காட்டும் மேக் முகவரியோடு அந்த மூன்றையும் ஒப்பிடுங்கள். அந்தக் கட்டளை காட்டுவது பிஎம்சியின் சொந்த முகவரியை மட்டுமே. ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது: மூன்று சர்வர்களிலும் பிஎம்சியைத் தனிப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது டிஸ்கவர் பொட்டலத்தின் 60ஆம் விருப்பத்தில் பிஎக்ஸ்இ கிளையன்ட் என்று சொல்பவற்றை மட்டும் ஏற்கும்படி டிஎச்சிபி சர்வரை அமையுங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால், அந்த மூன்றிலும் முன்பு நிறுவிய லினக்ஸ் இன்னும் வட்டில் இருந்து, நெட்வொர்க் வழித் தொடக்கத்துக்குப் பதில் அதுவே எழுந்துவிட்டதா என்று பாருங்கள். ஓடும் லினக்ஸிலிருந்து மேக் முகவரி எடுப்பதில் இரண்டு கண்ணிகள் உள்ளன. இரண்டு அட்டைகளைப் பான்டிங் முறையில் இணைத்திருந்தால், வழக்கமான முறைகளில் இரண்டும் ஒரே முகவரியைக் காட்டும். அட்டையில் பொறிக்கப்பட்ட முகவரி வேண்டுமானால் ஈத்டூல் கட்டளைக்குப் பெரிய பி எழுத்தைச் சேர்த்துக் கேட்க வேண்டும். அடுத்தது, ஒரே சப்நெட்டில் இரண்டு அட்டைகள் இருக்கும்போது, எந்த அட்டையின் ஐபி முகவரியைக் கேட்டாலும் எந்த அட்டை வேண்டுமானாலும் ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை) பதில் சொல்வதுதான் லினக்ஸின் இயல்பான நடத்தை. பிங் செய்துவிட்டு ஏஆர்பி அட்டவணையைப் பார்த்து முகவரி எழுதிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், பக்கத்து அட்டையின் முகவரியை எழுதியிருப்பீர்கள். லினக்ஸ் கெர்னல் அமைப்பில் ஏஆர்பி இக்னோர் மதிப்பை 1 என்றும் ஏஆர்பி அனௌன்ஸ் மதிப்பை 2 என்றும் வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

உங்கள் நோடுகளில் இன்ஃபினிபேண்ட் என்னும் அதிவேக இணைப்பு அட்டையும் இருப்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈதர்நெட் மேக் முகவரி 6 பைட். இன்ஃபினிபேண்டின் மேல் ஓடும் ஐபி இடைமுகத்தின் வன்பொருள் முகவரி 20 பைட். டிஎச்சிபி பொட்டலத்தில் வன்பொருள் முகவரிக்கு உள்ள இடமே 16 பைட்தான். அதனால் 2006இல் வந்த ஆர்எஃப்சி 4390, அந்த இடத்தைக் காலியாக விட்டு, கிளையன்ட் அடையாளத்தை வைத்தே நோடை இனங்காண வேண்டும் என்று விதித்தது. பழைய இஃப்கான்ஃபிக் கட்டளை இந்த முகவரியை முழுமையாகக் காட்டாமல் நறுக்கிவிடும். வந்த முகவரி வழக்கமான ஆறு ஜோடிகளாக இல்லாமல் நீண்டோ, பின்பகுதி சுழியங்களாகவோ இருந்தால், சேகரிக்கும் நிரல் தவறான அட்டையைப் பிடித்திருக்கிறது. நிறுவலுக்கு ஈதர்நெட்டையே வைத்துக்கொண்டு, பயாஸில் இன்ஃபினிபேண்ட் அட்டையின் தொடக்க நிரலை அணைத்துவிடுங்கள்.

உறையில் ஒட்டிய சீட்டையும் நான் முழுமையாக நம்ப மாட்டேன். பழைய சர்வர்களில் மதர்போர்டை மாற்றியிருப்பார்கள், சீட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். சில சீட்டுகளில் அச்சிட்டிருப்பதே பிஎம்சியின் முகவரிதான். தொடக்க நிரல் திரையில் காட்டும் முகவரியே இங்கே இறுதிச் சாட்சி. முதல் போர்ட்டின் முகவரியோடு ஒன்றைக் கூட்டினால் அடுத்த போர்ட், இரண்டைக் கூட்டினால் பிஎம்சி என்று சிலர் கணக்குப் போட்டு நிரப்புவார்கள். பல தயாரிப்புகளில் அது உண்மையாகவே அமையும், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சுவிட்ச் அட்டவணையை, அதாவது எந்தப் போர்ட்டில் எந்த மேக் முகவரி தெரிகிறது என்ற பட்டியலை, வைத்து உங்கள் மென்பொருள் நோடுக்குப் பெயரிடுவதால் இன்னொன்றையும் கவனியுங்கள். கற்றுக்கொண்ட மேக் முகவரியை சுவிட்சுகள் வழக்கமாக 300 விநாடிதான் நினைவில் வைத்திருக்கும். நெட்வொர்க் வழித் தொடக்கம் தோற்று, தொடக்க வட்டு இல்லை என்ற செய்தியோடு மௌனமாக நிற்கும் நோடு, ஐந்து நிமிடத்தில் அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். எனவே எல்லா நோடுகளையும் ஒரேயடியாக எழுப்பிவிட்டுத் தேநீர் குடித்து வந்து அட்டவணையைப் படிக்காமல், நான்கைந்தாகப் பிரித்து எழுப்பி உடனுக்குடன் படியுங்கள். நோடுகள் தனி விலானில் இருந்தால், சுவிட்சை விசாரிக்கும் எஸ்என்எம்பி நெறிமுறை வழியாகக் கேட்கும்போது விலானை அறிந்த கியூ-பிரிட்ஜ் அட்டவணையைக் கேளுங்கள். பழைய பிரிட்ஜ் அட்டவணை அங்கே காலியாகத் திரும்பக்கூடும். வேறொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட்டில் அந்தப் பக்கத்து முகவரிகள் எல்லாம் தெரியும், அதை நோடு என்று எண்ணிவிடாதபடி விலக்கி வையுங்கள்.

தொலைவிலிருந்து நான் சொல்லக்கூடியது இதுவரைதான். வராத ஆறுக்குக் காரணம் ஸ்பானிங் ட்ரீ என்பதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை இருக்கிறது. தவறான முகவரி வந்த மூன்றுக்குக் காரணம் பிஎம்சி என்பது அனுபவத்தில் வரும் ஊகம் மட்டுமே. நாளைக்கு ஆறில் ஒன்றை மட்டும் நடுச் சுவிட்சோடும் அது இல்லாமலும் தொடங்கிப் பார்த்து, இரண்டு டிசிபிடம்ப் பதிவுகளையும், அந்த மூன்று நோடுகளின் தொடக்கத் திரை காட்டும் முகவரி, பிஎம்சியின் முகவரி, உங்கள் பட்டியலில் விழுந்த முகவரி ஆகியவற்றையும், சுவிட்சின் மாடலையும் எழுதுங்கள். அவற்றைப் பார்த்தபின் எந்த அமைப்பை எந்த வரியில் மாற்ற வேண்டும் என்பதை உங்களுக்குத் திட்டமாகச் சொல்கிறேன்.